எங்கள் சாவடியின் ஏழு ஓட்டு

தாலுகா அலுவலகத்திலிருந்து வந்த படிவத்தில் நான் பதில் எழுத வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான். எங்கள் காலனி வாக்குச்சாவடியில் வாக்காளர்கள் குறைவாக இருப்பதால், அதை ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சாவடியோடு சேர்த்துவிடலாமா, இல்லை தனியாகவே தொடரலாமா? பக்கத்தில் காரணம் எழுத ஒரு கட்டம். வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்துவிட வேண்டும். திங்கட்கிழமையிலிருந்து அந்தத் தாள் என் பையில், குழந்தைகளின் எடை அட்டைகளோடு சேர்ந்து போய் வந்துகொண்டிருந்தது.

நான் அங்கன்வாடி டீச்சர். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்புறம் இருக்கிறது எங்கள் காலனி. காலையில் சத்துமாவு, பாட்டு, எடை பார்ப்பது. மிச்ச நேரத்துக்கு அரசாங்கம் எனக்கு இன்னொரு வேலையும் கொடுத்திருக்கிறது. வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போகும் பி.எல்.ஓ. நான்தான். செத்தவர் பெயரை எடுப்பது, பதினெட்டு முடிந்தவர் பெயரைச் சேர்ப்பது, கல்யாணமாகி வந்த மருமகளின் பெயரை அம்மா வீட்டிலிருந்து இங்கே கொண்டுவருவது எல்லாம் என் பொறுப்பு. காலனியில் யாருக்கு எத்தனை வயது என்பது அவர்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். அதனால் சில பெண்களுக்கு என்மேல் கோபமும் உண்டு.

இவ்வளவு வேலை தெரிந்தவளுக்கு அந்த ஒரு கேள்விக்குப் பதில் எழுதக் கை வரவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சாவடி வேண்டும் என்று மனு எழுதியவளே நான்தான். அது வந்ததால் எங்கள் காலனியில் ஒருவனுக்கு வேலை போனது. வேலை போனதற்கு நானும் ஒரு காரணம். அதை யாரிடமும் சொல்லாமல் இரண்டு வருஷத்தை ஓட்டிவிட்டேன். சாவடியை எடுத்துவிடுங்கள் என்று எழுதினால் இனிமேல் யாருக்கும் அப்படி நடக்காது. அதே சமயம், எதற்காக அந்தச் சாவடியைக் கேட்டோமோ அதெல்லாம் வீணாகப் போகும். காலனியின் பெயரையும் ஆட்களின் பெயரையும் இதில் எங்கேயும் எழுதப்போவதில்லை. எழுதினால் சாவடி எண்ணைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிஷம் போதும்.

எங்கள் தொகுதியின் தேர்தல் வரலாற்றை யாராவது எழுதினால், யார் யார் நின்றார்கள், எத்தனை ஓட்டில் யார் ஜெயித்தார்கள் என்று ஒரு பட்டியல் போடுவார்கள். எங்களுக்கு அதில் பெரிய அக்கறை இருந்ததில்லை. நாடாளுமன்றத் தொகுதிக்கு முன்பு வேறோர் ஊரின் பெயர் இருந்தது. எல்லையை மாற்றிப் போட்டபோது திருவள்ளூர் என்று ஆனது. எங்கள் வீடு, கிணறு, ரயில்வே கேட் எல்லாம் அதே இடத்தில்தான் இருந்தன. மேற்கே திருவள்ளூர்ப் பக்கம் ஒரு கூட்டம், கிழக்கே பழவேற்காட்டுப் பக்கம் ஒரு கூட்டம் என்று ஓடுகிற வேட்பாளர்கள் எங்களுக்காக வண்டியை நிறுத்தியதே அபூர்வம். ஆந்திரா பக்கத்திலேயே இருப்பதால் மைக்கில் தமிழிலும் தெலுங்கிலும் மாற்றி மாற்றி ஓட்டு கேட்டுக்கொண்டே ஜீப் போகும். எங்களுக்குத் தெலுங்கும் புரியும் என்பதால் ஒரே பொய்யை இரண்டு தடவை கேட்போம்.

எங்களுக்குத் தேர்தல் என்றால் நடப்பது. சாவடி ஊர்ப் பள்ளிக்கூடத்தில். காலனியிலிருந்து வரப்பு வழியாகப் போய், ரயில்வே கேட் திறக்கும்வரை வெயிலில் நின்று, பிறகு ஊர்த் தெருவின் முழு நீளத்தையும் நடந்தால்தான் பள்ளிக்கூடம். அம்மா காலத்தில் அந்தத் தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்கள். என் காலத்தில் செருப்பு காலிலேயே இருந்தது. ஆனால் இரண்டு பக்கமும் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்களின் பேச்சு அப்படியேதான் இருந்தது. இவங்க எந்தச் சின்னத்துல குத்துவாங்கன்னு தெரியாதா என்பார்கள். வரிசையில் நாங்கள் நிற்க, ஊர்ப் பெண்கள் பின்னால் வந்து முன்னால் போவார்கள். ஒரு தேர்தலில் அதைக் கேட்டதற்குச் சண்டை வந்து, காலனிப் பெண்கள் பாதிப் பேர் ஓட்டுப் போடாமலே திரும்பி வந்தோம். என் அம்மாவும் அதில் ஒருத்தி. அவள் போடாமல் விட்ட ஓட்டு அது ஒன்றுதான். கடைசிவரை அதைச் சொல்லிச் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தாள்.

ஆனால் ஒன்று. அந்தச் சாவடியில் நாங்கள் யாருக்குப் போட்டோம் என்று யாருக்கும் தெரியாது. சீட்டு இருந்த காலத்தில் அம்மா முத்திரை குத்திவிட்டு, மை ஒட்டிச் செல்லாத ஓட்டாகிவிடக் கூடாதே என்று ஊதி ஊதிக் காயவைத்து மடித்துப் போடுவாள். பல சாவடிகளின் சீட்டுகளை ஒன்றாகக் கொட்டிக் கலந்து எண்ணுவார்கள் என்று எண்ணும் இடத்துக்குப் போய் வந்தவர்கள் சொல்வார்கள். பிறகு இயந்திரம் வந்தது. இயந்திரம் சாவடிக்குச் சாவடி தனித்தனியாகக் கணக்குச் சொல்லிவிடும். அப்போதும் ஊரும் காலனியும் ஒரே சாவடி என்பதால் எங்கள் ஓட்டு ஊர் ஓட்டில் கலந்துதான் வெளியே வந்தது. அந்தக் கலப்பு எங்களுக்கு ஒரு காவல் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

வரிசைச் சண்டைக்குப் பிறகு மனு போட்டோம். நான்தான் எழுதினேன். இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நடக்கிறோம், கர்ப்பிணிகள் இருக்கிறார்கள், ரயில்வே கேட் இருக்கிறது என்று எழுதினேன். தெருவில் கேட்ட பேச்சை எழுதவில்லை. அதையெல்லாம் எழுத மனுவில் கட்டம் கிடையாது. காலனியில் வேலைக்குப் போகிற ஆண்கள் ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு என்னோடு தாலுகா அலுவலகத்துக்கு வந்து நின்றார்கள். இரண்டு தடவை தட்டிக் கழித்தார்கள். மூன்றாவது தடவை ஒரு அதிகாரி வந்து வண்டியின் மீட்டரைப் பார்த்துத் தூரத்தைக் குறித்துக்கொண்டு போனார். போன பாராளுமன்றத் தேர்தலுக்கு எங்கள் அங்கன்வாடியே வாக்குச்சாவடி ஆனது.

அந்த நாளை நான் மறக்கவே மாட்டேன். சுவரில் நான் வரைந்து வைத்திருந்த வாழைப்பழத்துக்கும் யானைக்கும் நடுவில் சாவடி எண்ணை ஒட்டினார்கள். பெண்கள் நைட்டியின்மேல் துண்டைப் போட்டுக்கொண்டு வந்து ஓட்டுப் போட்டுவிட்டு, அடுப்பில் வைத்த குழம்பு அடிப்பிடிப்பதற்குள் வீட்டுக்குப் போனார்கள். நைட் ஷிப்ட் முடித்து வந்தவர்கள் யூனிபாரத்தோடேயே வரிசையில் நின்றார்கள். காலனியின் மேற்கு ஓரத்து லைன் வீடுகளில் வாடகைக்கு இருக்கும் ஒடிசாக்காரர்களும் பீகார்க்காரர்களும் வந்து வேடிக்கை பார்த்தார்கள். அவர்களுக்கு ஓட்டு அவர்கள் ஊரில். அதனால் அவர்களிடம் ஒரு கட்சிக்காரனும் கும்பிடு போட்டதில்லை. அம்மா இருந்திருந்தால் அன்று எத்தனை தடவை வரிசையைச் சுற்றிச் சுற்றி வந்திருப்பாள் என்று நினைத்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

இப்போது காண்ட்ராக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரில் மாடி வீடு. தொழிற்பேட்டையில் நாலைந்து கம்பெனிகளுக்கு ஆள் அனுப்புகிறவர். காலனியில் பாதி வீட்டின் கேட் பாஸ் அவர் கையெழுத்தில்தான் புதுப்பிக்கப்படும். பாஸ் இல்லாவிட்டால் செக்யூரிட்டி கேட்டுக்கு உள்ளே விடமாட்டான். ஒரு கட்சியில் பொறுப்பிலும் இருந்தார். மோசமான ஆள் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட முடியாது. சாவு விழுந்தால் முதல் ஆளாக வந்து நிற்பார். காலனியில் எல்லோருக்கும் அவர் அண்ணன்தான். எனக்கும்.

அந்தத் தேர்தலுக்கு முன் அவர் மாரியம்மன் கோயில் முன்னால் கூட்டம் போட்டார். சுடுகாட்டுக்குச் சேற்றில் இறங்காமல் போக ஒரு பாதை போட்டுத் தருவதாகச் சொன்னார். பதிலுக்குக் காலனி ஓட்டு ஒன்றுகூட வெளியே போகக் கூடாது. எங்கள் பக்கம் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. தட்டில் கற்பூரம் ஏற்றி, வீட்டுக்கு ஒரு கை என்று நெருப்பின்மேல் நீட்டுவார்கள். ஒரு கை நீட்டினால் அந்த வீட்டு ஓட்டு எல்லாம் அதில் அடக்கம். கிறிஸ்தவ வீட்டுக்காரர்கள் தட்டைத் தொடாமல் நெஞ்சில் கை வைத்துச் சொல்வார்கள். நான் அரசாங்க வேலைக்காரி என்று ஒதுங்கி நின்றேன். எங்கள் வீட்டுக்காக என் கணவர் போய்க் கையை நீட்டினார். அவர் கையில் மூன்று விரல்தான் இருக்கிறது.

மற்ற இரண்டும் பிரஸ் மிஷினில் போயின. காண்ட்ராக்டர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார், கூடவே இருந்தார், எல்லாம் செய்தார். ஆனால் வீட்டில் நடந்த விபத்து என்று எழுதித்தான் சேர்த்தார். கம்பெனியில் நடந்ததாக எழுதினால் காண்ட்ராக்ட் போய்விடுமாம். அதற்கப்புறம் என் கணவருக்கு அதே கம்பெனியில் டைம் ஆபீஸ் வாசலில் உட்காரும் வேலை வாங்கிக் கொடுத்தார். நாங்கள் நன்றிக்கடன் பட்டவர்கள் ஆனோம். நெருப்பின்மேல் அந்தக் கை நீண்டதைப் பார்த்ததும் எனக்குள் என்னமோ அறுந்து போனது. அப்போதே முடிவு செய்துவிட்டேன், என் ஓட்டு காண்ட்ராக்டர் கட்சிக்கு இல்லை என்று. தேர்தலுக்கு நாலு நாள் முன்னால் ஒரு சின்ன வேட்பாளர் இரண்டே ஆட்களோடு வந்து, காண்ட்ராக்ட் வேலையில் கைகால் போனவர்களைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசிவிட்டுப் போயிருந்தார். அவர் ஜெயிக்கமாட்டார் என்று அவருக்கே தெரிந்திருக்கும். நான் அவருக்குப் போட்டேன். கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

அந்தக் கூட்டத்தில் இன்னொன்றும் நடந்தது. எங்கள் காலனியில் ஒருவன், என்னைவிடச் சின்னவன், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான். கம்பி உருட்டும் கம்பெனியில் வேலை. அவன் மட்டும் எழுந்து, பாதை போடுவதை ஒரு பேப்பரில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்று கேட்டான். கூட்டம் சிரித்தது. காண்ட்ராக்டரும் சிரித்தார். அவனும் சிரித்துவிட்டுப் போய்க் கற்பூரத்தின்மேல் கையை நீட்டினான். அவன் வீட்டில் நாலு ஓட்டு.

எண்ணிக்கை அன்று காண்ட்ராக்டர் ஏஜென்டாக மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். எங்கள் சாவடி இயந்திரத்தைத் திறந்தபோது பக்கத்திலிருந்தவர்களிடம், இது சுத்தமா நம்பளுது என்று சொன்னாராம். கணக்கு வந்தது. எல்லாம் அவர் கட்சிக்குத்தான். மற்றவர்களுக்கெல்லாம் சேர்த்து ஏழு. எதிர்க் கட்சி ஏஜென்ட், அண்ணனுக்குக் கற்பூரம் பத்தலை போல என்று சொல்லிச் சிரித்திருக்கிறார். அந்த ஏழால் எதுவும் மாறவில்லை. அவர் ஆள் ஜெயித்துவிட்டார். ஆனால் அந்தச் சிரிப்பை அவரால் ஜீரணிக்க முடியவில்லை.

இரண்டு நாள் கழித்து, பிள்ளைகள் சாப்பிட்டுத் தூங்குகிற நேரத்தில் அங்கன்வாடிக்கு வந்தார். கையில் அவருடைய வாக்காளர் பட்டியல். பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தார். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று எனக்குத் தெரியும் என்பதால் என்னிடம் கேட்டுச் சரிபார்க்க வந்திருந்தார். ஒவ்வொரு பெயராகப் படித்தார். நிச்சயமானவர்களுக்கு டிக், சந்தேகத்துக்கு வட்டம். நான் எல்லாவற்றுக்கும் தெரியாது அண்ணே, தெரியாது அண்ணே என்றேன். எங்கள் வீட்டு எண் வந்தது. படிக்கவே இல்லை, இரண்டு டிக் போட்டுவிட்டுத் தாண்டினார்.

“உங்க ஊட்ட நா கேக்கவே மாட்டேன் டீச்சரம்மா. அந்தக் கைய நீட்னவரு எனக்குத் துரோகம் பண்ண மாட்டாரு.”

நான் வாயைத் திறக்கவில்லை. அடுத்த பக்கத்தில் அந்தப் பேப்பர் கேட்டவனின் வீட்டைச் சுற்றி நாலு பேருக்கும் சேர்த்து ஒரே வட்டமாகப் போட்டார். அப்போதாவது பேசியிருக்கலாம். பேசவில்லை. கணவரின் பாஸை நினைத்தேன், ஸ்கூல் பீஸை நினைத்தேன், தூங்குகிற பிள்ளைகள் எழுந்துவிடும் என்றுகூட நினைத்தேன். பயந்தவளுக்குச் சாக்கா கிடைக்காது?

அந்த மாதம் முடிந்ததும் அவனுக்குப் பாஸ் வரவில்லை. காரணம் யாரும் சொல்லவில்லை, அவனும் போய்க் கேட்கவில்லை. தொழிற்பேட்டையில் வேறு எங்கே போனாலும் அந்த அண்ணனைக் கேட்டுவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். கடைசியில் வள்ளூர் மின்நிலையத்தின் பக்கம் சாம்பல் ஏற்றும் லாரிகளில் வேலை கிடைத்தது. காலையில் இருட்டோடு போய் ரயில் பிடிப்பான். திரும்பி வரும்போது புருவம்கூட வெள்ளையாக இருக்கும். அவன் மனைவி இறால் கம்பெனியில் தோல் உரிக்கப் போனாள். பிள்ளையை என்னிடம் விடும்போது அவள் விரல்நுனிகள் வெந்து வெளுத்திருப்பதைப் பார்ப்பேன். பார்த்துவிட்டுச் சத்துமாவு கொஞ்சம் கூடக் கட்டிக் கொடுப்பேன். என் வீரம் அவ்வளவுதான்.

காலனிக்கு அந்த ஏழு ஒரு வியாதியாகிவிட்டது. தண்ணீர்க் குழாயடியில் அதே பேச்சு. அவன் வீட்டில் நாலு, மிச்சம் மூன்று யார்? கணவன் மனைவி சண்டை நடந்தால், ஒருவேளை அந்த மூன்றில் இவள் ஒன்றோ என்று ஆரம்பிப்பார்கள். பல வருஷம் ஒன்றாகக் களை எடுத்த பெண்கள் ஒருத்தியை ஒருத்தி உற்றுப் பார்த்தார்கள். ஊர்ச் சாவடியில் ஓட்டுப் போட்ட காலத்தில் எங்களை ஊர்தான் சந்தேகப்பட்டது. இப்போது நாங்களே எங்களைச் சந்தேகப்பட்டுக்கொண்டோம். சுடுகாட்டுப் பாதையும் வரவில்லை. ஏழு ஓட்டைச் சாக்காகச் சொல்லிவிட்டார்கள்.

அதனால்தான் படிவம் என் பையிலேயே கிடந்தது. வியாழக்கிழமை அவனுக்கு விடுமுறை என்று தெரியும். மதியம் பிள்ளைகளை அனுப்பிவிட்டு அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி இறால் கம்பெனிக்குப் போயிருந்தாள். அவன் வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். ஸ்டூலை எடுத்துப் போட்டான். படிவத்தைக் காட்டினேன். சாவடியை எடுத்துவிடச் சொல்லி எழுதப்போகிறேன், அது வந்ததிலிருந்து உனக்குத்தான் நஷ்டம் என்றேன். அவன் கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கி முழுசாகப் படித்தான்.

“எடுத்துட்டா, நம்ப பொம்பளைங்க மறுபடியும் அந்தத் தெருவுல நடக்கணுமா? வேணாங்க்கா. இருந்துட்டுப் போவட்டும்.”

அதற்குமேல் என்னால் முடியவில்லை. உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும், இரண்டு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருக்கிறேன், அந்த ஏழில் என்று ஆரம்பித்தேன். அவன் சட்டென்று கையை உயர்த்தித் தடுத்தான்.

“சொல்லாதக்கா. நீ சொன்னா எனக்குத் தெரிஞ்சிபூடும். தெரிஞ்சிக்கினு அந்தாளு மூஞ்சிய நா எப்டிப் பாக்கறது? ஒருநா கேட்டானா, என் கண்ணே காட்டிக் குடுத்துரும்.”

அவன் மறுபடி வெங்காயத்தை எடுத்துக்கொண்டான். உரித்துக்கொண்டே, ரொம்பச் சாதாரணமாக, அன்றைக்குத் தன் வீட்டு நாலு ஓட்டும் அண்ணன் கட்சிக்குத்தான் போனது என்று சொன்னான். கை நீட்டியாகிவிட்டதே, அப்புறம் மாற்றிப் போட மனசு வரவில்லையாம். அப்படியானால் அதை அவரிடம் போய்ச் சொல்லியிருக்கலாமே, நான் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன்.

“நா இல்லன்னு சொன்னா, அப்ப வேற யாருன்னு அடுத்த ஊட்டுக் கதவத் தட்டுவான். எங்கூட்டோட நிக்கட்டும்னு வுட்டுட்டேன்.”

வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் அழுதேன். அவன்மேல் பரிதாபப்பட்டு அல்ல. இரண்டு வருஷமாக நான் அவனுக்குச் சத்துமாவு கட்டிக் கொடுத்துக்கொண்டிருக்க, அவன் என் பழியைச் சுமந்து எனக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்திருக்கிறான். அது தெரியாமல் அவன் பிள்ளைக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டிருந்த என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

கணவர் ஷிப்ட் முடிந்து வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். யாருக்குப் போட்டேன், ஏன் போட்டேன், அங்கன்வாடியில் அந்த மதியம் எப்படி வாயை மூடிக்கொண்டு இருந்தேன் எல்லாம். அவர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார். தன் கையால் செய்த சத்தியத்தை நான் மீறியதற்குக் கோபப்படுவார் என்று நினைத்தேன். இந்தக் கையைப் பார்த்தா போட்டாய் என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சட்டையை மாட்டினார். அவனிடம் சொல்லக் கூடாது என்றால் சொல்ல வேண்டிய இடம் ஒன்றுதானே, வா, நானும் வருகிறேன் என்றார். நான்தான் வேண்டாம் என்று தடுத்தேன். அது என் ஓட்டு.

வெயில் தாழ்ந்த நேரம். ரயில்வே கேட்டைத் தாண்டி ஊர்த் தெருவில் தனியாக நடந்தேன். காண்ட்ராக்டர் வீட்டு வாசலில் நாலைந்து பேரோடு பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், பட்டியல் விஷயமா டீச்சரம்மா என்று எழுந்து வந்தார். அந்தப் பட்டியல்தான் அண்ணே என்றேன். அந்த ஏழில் ஒன்று என்னுடையது. என் வீட்டுக்காரருக்குத் தெரியாது, இன்றைக்குத்தான் சொன்னேன். நீங்கள் வட்டம் போட்ட வீடு தப்பான வீடு. அவனுக்குப் பாஸ் கொடுங்கள். இதை நடந்து வரும்போதே பத்துத் தடவை சொல்லிப் பார்த்திருந்ததால் குரல் நடுங்கவில்லை.

அவர் முகம் கறுத்துவிட்டது. கோபம் என்று நினைத்தேன். பார்த்தால் கண் கலங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் என் கணவர் பக்கத்தில் இவர் உட்கார்ந்திருந்தது எனக்கும் ஞாபகம் வந்தது. ஒரு கணம் இவருக்காகவும் எனக்கு வருத்தமாக இருந்தது. இவ்வளவு செய்தேனே என்று கேட்கப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது அதை அல்ல.

“மிச்சம் ஆறு யாரு?”

தெரியாது என்றேன். அது நிஜம். நான் போட்ட சின்னத்துக்கே இரண்டு ஓட்டு விழுந்திருந்தது, இன்னொன்று யாருடையது என்றுகூட எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் வேண்டாம் என்றேன். பிறகு, பின்னால் நின்றவர்களுக்குக் கேட்காத குரலில், உங்க ஊட்டுக்காரர் பாஸ் இந்த மாசக் கடைசியில் முடியுது, தெரியுமில்ல என்றார். தெரியும் அண்ணே, அவருக்கும் தெரியும், தெரிந்துதான் என்னை அனுப்பினார் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

மறுநாள் காலை படிவத்தில், தனிச் சாவடியாகவே தொடர வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாலுகா அலுவலகத்தில் கொடுத்தேன். அவனுக்குப் பாஸ் இதுவரை வரவில்லை. குழாயடியில் இப்போது என்னைப் பற்றிப் பேசுகிறார்கள், நான் குடத்தோடு போனால் பேச்சு நின்றுவிடுகிறது. ஆனால் மிச்சம் ஆறு யார் என்று அப்புறம் யாரும் யாரையும் கேட்டதாகத் தெரியவில்லை. மாதம் முடிய இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.